பழைய கம்ப்யூட்டரும் பத்திரத்தின் கடைசி வரியும்

எங்கள் ஆபீசில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று நல்லது, இன்னொன்று என்னுடையது.

மேலூரில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே உள்ள சந்தில், ஆவண எழுத்தர் ஒருவரிடம் நான் பத்திரம் தட்டச்சு செய்கிறேன். ஒன்பது வருடமாகிறது. அவரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நான் கல்யாணமாகிச் செல்லூருக்குப் போன பிறகும் வேலையை விடவில்லை. செல்லூரிலிருந்து ஒரு பஸ், மாட்டுத்தாவணியில் இறங்கி மேலூருக்கு இன்னொரு பஸ். என் பிறந்த ஊர் மேலூரை ஒட்டியே இருப்பதால், வேலை என்று பேர் சொல்லிக்கொண்டு தினமும் அம்மா வீட்டுப் பக்கம் போய்வருகிறாள் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அதில் பாதி உண்மை.

என் கம்ப்யூட்டரின் சுபாவத்தைச் சொல்லிவிடுகிறேன். காலையில் சுவிட்சைத் தட்டிவிட்டு, வாசல் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி, மேசை துடைத்து, சந்து முனையில் டீ குடித்துவிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஒரு எழுத்தை அடித்தால் அது திரைக்கு வர யோசிக்கும். யோசித்துவிட்டு மூன்று எழுத்தைச் சேர்த்து ஒரே நேரத்தில் கொட்டும். ஏழு வருடம் இதைப் பெரிய குறையாகவே நான் நினைக்கவில்லை. கம்ப்யூட்டர் என்றால் இப்படித்தான் என்று இருந்தேன். பக்கத்தில் ஒன்று வந்த பிறகுதான் வயிறு எரிய ஆரம்பித்தது.

வேலை கூடிப்போச்சு என்று அண்ணன் இன்னொரு பெண்ணைச் சேர்த்தார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம், மேலூரில் வாக்கப்பட்டு வந்தவள். அவளுக்காகப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பெட்டியைப் பிரித்ததும் நான் ஒரு வார்த்தை எதிர்பார்த்தேன். ஏழு வருடம் இருந்தவளுக்குப் புதுசு, வந்தவளுக்குப் பழசு என்பதுதானே முறை. அண்ணன் சொன்ன காரணம், பழசின் குணம் எனக்குத்தான் தெரியுமாம், வேறு யார் உட்கார்ந்தாலும் அது படுத்துக்கொள்ளுமாம். பாராட்டு மாதிரி சொன்னார். நானும் தலையாட்டிவிட்டுப் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

அவள் சுவிட்சைத் தட்டி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் அவளுடையது தயாராகிவிடும். மிச்ச நேரத்துக்கு அவளுக்கு வேலையே இருக்காது. வந்தவர்களிடம் நின்று பேசுவாள், ஊர் எது, பஸ் கிடைத்ததா என்று விசாரிப்பாள். சிரிப்பாள். எனக்கும் சிரிக்கத் தெரியும். வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சிரிப்பது? கொஞ்ச நாளில் ஆட்கள் உள்ளே நுழையும்போதே அவள் மேசைப் பக்கம் திரும்ப ஆரம்பித்தார்கள். டீ வந்தால் முதல் கிளாஸ் அவளுக்குப் போனது. அண்ணன் என்னை “ஏம்மா” என்பார், அவளைப் “பாப்பா” என்பார். தினமும் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் வழியாக வருகிறவள் நான். ஆனால் தலையில் வாடாத மல்லிகையோடு உட்கார்ந்திருப்பவள் அவள். பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற பூ நசுங்காமல் என்ன செய்யும்?

இதற்கு வேறு நல்ல பேர் வைத்துப் பார்த்திருக்கிறேன். மனசு சரியில்லை, அலுப்பு, மரியாதை இல்லாத இடம் என்றெல்லாம். பொறாமைதான். அவள் ஒரு நாளாவது என்னிடம் முகம் சுளித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அதுவும் செய்யவில்லை. அக்கா, அக்கா என்றுதான் பேசுவாள்.

ஒரு தடவை வில்லங்கச் சான்று பார்க்க ஒருவர் வந்திருந்தார். பேச்சுவாக்கில் அவளிடம், உங்கள் வீட்டில் எத்தனை பத்திரம் இருக்கும் என்று கேட்டேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, “தெரியலக்கா, எங்கப்பா பீரோவுல ஒரு கட்டு இருக்கும்” என்றாள். பெருமையடிக்கவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. அன்று முழுக்க அந்த ஒரு கட்டு என் கண் முன்னாலேயே நின்றது. எங்கள் வீட்டில் ரேஷன் கார்டையும் இன்சூரன்ஸ் காகிதத்தையும் தவிரப் பீரோவில் வைக்க ஒன்றும் கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு, அறுத்து, கூலி வாங்கி வந்தவர்கள். ஒன்பது வருடத்தில் நான் அடித்த பத்திரங்களை அடுக்கினால் மேலூர் தாலுகாவில் பாதி வந்துவிடும். அதில் ஒரு சென்ட்கூட எங்களுடையது இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவன் என் தம்பி. கிரானைட் குவாரியில் கிரேன் ஓட்டுகிறான். ஊருக்குக் கிழக்கே, கண்மாய்க்குக் கீழே, பதினைந்து சென்ட் நஞ்சை விலைக்கு வந்தது. பேசி முடித்துவிட்டு எனக்குத்தான் முதலில் போன் செய்தான். “அக்கா, பத்திரம் நீதான் அடிக்கணும்” என்றான். பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். கம்பியைப் பிடித்தபடி அழுதேன்.

நிலம் தம்பி பேரில்தான் வாங்குகிறோம். பணம் அவனுடையது, நியாயம்தான். தம்பி மேல் துளிகூடப் பொறாமை இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாக இருக்கும். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அந்தக் காகிதத்தில் எங்கே இடம்? விற்பவர் பேர், வாங்குபவர் பேர், சாட்சிகள் பேர். சாட்சிக்கு மச்சினனையும் சித்தப்பா மகனையும் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டான்.

ஆனால் எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், எல்லாக் கையெழுத்துக்கும் கீழே, சின்ன எழுத்தில் ‘கணினித் தட்டச்சு’ என்று போட்டு அடித்தவர் பேரைப் போடுவோம். மரியாதைக்காக இல்லை. தப்பு வந்தால் யாரைத் திட்டுவது என்று தேடாமல் இருக்க அண்ணன் கண்டுபிடித்த வழி அது. எங்கள் குடும்பத்தின் முதல் பத்திரத்தில் என் பேர் வரக்கூடிய ஒரே இடம் அந்தக் கடைசி வரி. அதை நினைத்து நினைத்து வைத்துக்கொண்டேன்.

அண்ணனிடம் சொன்னபோது சந்தோஷப்பட்டார். காலண்டரைப் பார்த்தார். தம்பி குறித்துக் கொடுத்த நாள் முகூர்த்த நாள், வியாழக்கிழமை. ஒன்றரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். அதற்குள் முடிய வேண்டும் என்று எல்லோரும் வந்து நிற்பார்கள்.

“அன்னைக்கு அம்புட்டுக் கூட்டம் வரும். உன் மிஷினு இழுக்கும். உங்க வீட்டுப் பத்திரத்தப் பாப்பா அடிக்கட்டும்” என்றார்.

“நான் அடிக்கிறேண்ணே.”

“நடுவுல நின்னுபோச்சுன்னா?”

“நிக்காது.”

அவர் என் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அது அப்போதும் ஏதோ யோசித்துக்கொண்டிருந்தது. பத்து நாள் இருக்கிறது, அதற்குள் ஒழுங்காக ஓடினால் நீயே அடி, இல்லையென்றால் பாப்பாதான் என்று முடித்துவிட்டார். பக்கத்து மேசையிலிருந்து அவள், நான் வேணும்னா பார்க்கட்டுமா அக்கா என்றாள். வேண்டாம் என்றேன். கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் போனில் அதையே பார்த்தேன். பழைய கம்ப்யூட்டரை வேகப்படுத்துவது எப்படி என்று தமிழிலேயே நிறைய பேர் பேசுகிறார்கள். எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். கம்ப்யூட்டரோடு கூடவே வருகிற எத்தனையோ வசதிகளை நாம் பயன்படுத்துவதே இல்லை. நமக்குத் தெரியாமல் அவை உள்ளே ஓடிக்கொண்டிருக்கின்றன. தேவையில்லாததை அணைத்துவிட்டால் தேவையானது ஓடும். எனக்கு அது உடனே புரிந்தது. கல்யாண வீட்டில் ஒரு வேலையும் செய்யாமல், பந்திக்கு மட்டும் முதல் ஆளாக உட்காரும் சொந்தக்காரர்களை நான் பார்க்காதவளா?

நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாகக் கை வைத்தேன். முதலில் அலங்காரங்கள். திரையில் திறந்திருக்கிற ஒரு கட்டத்தை மூடினால் அது மெல்ல மங்கி மறையுமாம், எழுத்துக்குக் கீழே நிழல் விழுமாம். பத்திரம் அடிக்கிறவளுக்கு நிழல் எதற்கு? எல்லாவற்றையும் எடுத்தேன். திரை மொட்டையாக, பார்க்கவே பாவமாக ஆனது. ஆனால் கட்டம் டக்கென்று மூடியது. அடுத்து, கம்ப்யூட்டரைப் போட்டதும் கூடவே எழுந்திருக்கிறவை. என்றைக்கோ ஒரு நாள் யாரோ ஏற்றிய பாட்டுப் பெட்டி, எங்களிடம் இல்லாத ஸ்கேனருக்கான ஒன்று, யாரோடும் நான் பேசாத வீடியோக் கால் ஒன்று. இவை அத்தனையும் தினமும் காலையில் என் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. நான் டீக்கடையில் நின்று அந்த வட்டம் நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோபம் வந்துவிட்டால் எனக்குக் கை நிற்காது. கீழே ஓரத்தில் வானிலை சொல்லும் ஒன்று இருந்தது, சந்துக்கு வெளியே எட்டிப் பார்த்தால் தெரியாதா? அணைத்தேன். விளையாட்டுக்காக ஒன்று, ஃபேக்ஸுக்காக ஒன்று, வரைபடத்துக்காக ஒன்று, நாம் பேசினால் பதில் சொல்வதற்கு ஒன்று. கோப்புகளை எல்லாம் எண்ணிக் குறித்து வைத்துக்கொண்டே இருக்கும் ஒன்றும் இருந்தது. என் கோப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியும், நீ குறிக்க வேண்டாம் என்று அதையும் அணைத்தேன். ஒன்றை அணைப்பேன், கம்ப்யூட்டரை நிறுத்தித் திருப்பிப் போடுவேன், ஓடுகிறதா என்று பார்ப்பேன், நோட்டில் கோடு போடுவேன்.

நாலாவது நாள் வாசல் தெளித்து முடித்து உள்ளே வந்தால் கம்ப்யூட்டர் எனக்காகக் காத்திருந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. எழுத்து விரலோடேயே வந்தது. அன்று மூன்று பத்திரம் முடித்தேன். ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன். கவனித்தாளா என்று தெரியவில்லை, பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அண்ணன் கவனித்தார். “என்னம்மா, மிஷினுக்கு டானிக் கீனிக் குடுத்தியா?” என்றார். சரி, நீயே அடி என்றும் சொல்லிவிட்டார்.

அதோடு விட்டிருக்க வேண்டும். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் அவளுடையது இன்னும் வேகமாக இருந்தது. மிகக் கொஞ்சம்தான். அவள் சுவிட்சைத் தட்டும் அதே நேரத்தில் நானும் தட்டிவிட்டுப் பார்ப்பேன். அவளுடையது முந்தும். யாரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, அவளுக்கே தெரியாது, நான் மட்டும் தனியாக ஓட்டப்பந்தயம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்த மயிரிழைக்காக இன்னும் அணைக்க என்ன இருக்கிறது என்று தேடினேன்.

பதிவுக்கு முந்தின நாள் சாயங்காலம், பட்டியலில் கடைசியாக ஏழெட்டு மிச்சம் இருந்தன. அதில் ஒன்று, கம்ப்யூட்டரின் நேரத்தையும் தேதியையும் இணையத்தில் பார்த்துச் சரிசெய்து வைப்பது. எனக்குச் சிரிப்பு வந்தது. தலைக்கு மேலே சுவரில் கடிகாரம், எதிரே நாள்காட்டி. இதற்கு ஒரு ஆளா? அணைத்தேன். கையோடு, திரையின் மூலையில் தெரிகிற கடிகாரத்தையும் மறைத்துவிட்டேன். திரை இன்னும் சுத்தமானது. எப்போதும்போல அண்ணன் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டினார். பக்கத்துக் கடையில் ஒரு தடவை ஒயர் புகைந்ததிலிருந்து ராத்திரி ஆபீசில் கரண்ட்டை விட்டுவைக்க மாட்டார்.

வியாழக்கிழமை காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். மாட்டுத்தாவணியில் இறங்கி மல்லிகை வாங்கினேன், அது நசுங்காமல் இருக்க இலையோடு பையில் வைத்துக்கொண்டு, மேலூர் வந்த பிறகு வைத்துக்கொண்டேன். அன்றைக்கு என் தலையிலும் வாடாத பூ. பத்திரத்தை முந்தின இரண்டு நாளில் அடித்து, நாலு எல்லையையும் சர்வே நம்பரையும் மூன்று தடவை சரிபார்த்து வைத்திருந்தேன். எங்கள் கம்ப்யூட்டரில் புதுக் கோப்பு திறந்தால் முதல் வரியில் அன்றைய தேதி தானாக விழும். கம்ப்யூட்டர் கடைப் பையன் ஒருவனிடம் சொல்லி நான்தான் அப்படிச் செய்து வைத்தேன். அன்றைய தேதி விழட்டும் என்று காலையில் புதுக் கோப்பு திறந்து, அடித்து வைத்திருந்ததை அதில் கொண்டுவந்து ஒட்டினேன். கடைசி வரியில் என் பேரைப் போட்டேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். முதல் வரியைப் பார்க்கவில்லை. ஒன்பது வருடமாக அதைப் பார்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

பதினோரு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். அம்மா பட்டுச்சேலை கட்டியிருந்தாள். தம்பி பெண்டாட்டி தாம்பாளத்தில் முத்திரைத்தாளை வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொண்டுவந்திருந்தாள். ஈர மஞ்சள் பிரிண்டருக்குள் போனால் உருளை கெட்டுவிடும் என்பதால் நாங்கள் எப்போதும் அதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் ஏற்றுவோம். விற்கிற பெரியவர் தன் மகனோடு வந்து விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். பன்னிரண்டரைக்கு டோக்கன்.

முத்திரைத்தாளில் எடுப்பதற்கு முன்னால், வெள்ளைத்தாளில் ஒரு நகல் எடுத்து, விற்பவர் வாங்குபவர் இருவர் காதிலும் விழும்படி படித்துக் காட்டுவது வழக்கம். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொண்டையைச் செருமினார். முதல் வரியில் வருடத்தைப் படித்தார். நின்றார். மறுபடி படித்தார். அது பதினைந்து வருடம் பின்னால் இருந்தது.

விற்கிற பெரியவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அப்பவே வித்துட்டனா? பெறகு இம்புட்டு வருசம் யாரு வயல உழுதேன்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அம்மா மட்டும் என்னைப் பார்த்தாள். நான் அண்ணன் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டு, அடிக்கும்போது பிசகிவிட்டது, மாற்றிவிடுகிறேன் என்றேன். பொய்தான், அதை நான் அடிக்கவே இல்லை.

அண்ணன், தேதி கிடக்கட்டும், முதலில் பதிவுத்துறை சைட்டைத் திறந்து விவரத்தை ஏற்று, நேரமாகிறது என்றார். திறந்தேன். வரவில்லை. பாதுகாப்பில்லை என்று ஏதோ சிவப்பாக எழுதிக் காட்டியது. மூடித் திறந்தேன். அதேதான். எங்கள் தொழிலில் எது நின்றாலும் அங்கே சர்வர் படுத்துவிட்டது என்று சொல்வது பழக்கம். முகூர்த்த நாளில் அது நிஜமாகவே படுக்கும். நானும் ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, சர்வர் போச்சுண்ணே என்றேன். சொன்னதும் ஒரு நிம்மதிகூட வந்தது. சர்வர் போனால் எல்லோருக்கும்தானே போகும்.

“பாப்பா, உனக்கு வருதா?” என்றார் அண்ணன்.

“வருதுண்ணே” என்றாள். எனக்காக வருத்தப்பட்டுச் சொன்ன மாதிரி இருந்தது. அதுதான் இன்னும் எரிந்தது.

மறுபடி மறுபடி தட்டினேன். கம்ப்யூட்டர் அவ்வளவு வேகமாக, தாமதமே இல்லாமல், ஒவ்வொரு தடவையும் முடியாது என்றது. பன்னிரண்டு ஆனது. அண்ணன் எழுந்து வந்து என் பின்னால் நின்றார். சத்தம் போடவில்லை. “பென்டிரைவ்ல போட்டு அங்க குடு. பாப்பா, நீ தேதிய மாத்தி, உன் பேரப் போட்டு எடுத்துரு” என்றார். யார் எடுக்கிறார்களோ அவர்கள் பேர்தான் போட வேண்டும், தப்புக்குப் பொறுப்பு அவர்கள்தான். அது அவருடைய சட்டம். பென்டிரைவை எடுத்துக்கொண்டு இரண்டு மேசைக்கும் நடுவே உள்ள அந்த நாலடியை நடந்தேன்.

அம்மா என் சேலையைப் பிடித்தாள். “நீதான அடிக்கிறேன்ன?”

“அதுல பிரிண்டரு நல்லா இருக்கும்மா” என்றேன்.

அவள் தன் கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்தாள். முதல் வரியைப் பார்த்ததும் சைட் ஏன் வரவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில், “அக்கா, உங்க மிஷின்ல பேட்டரி போயிருக்கும். டைம் ஓடல. தேதி தப்பா இருந்தா சைட்டு தொறக்காது” என்றாள். அப்போதுதான் எனக்கு முந்தின நாள் சாயங்காலம் ஞாபகம் வந்தது. உள்ளே நேரத்தைக் காக்கிற சின்னப் பேட்டரி எத்தனை வருடத்துக்கு முன்னால் செத்ததோ. அண்ணன் ஒவ்வொரு ராத்திரியும் மெயினை இறக்கும்போது கம்ப்யூட்டர் தன் தேதியை மறந்திருக்கிறது. காலையில் நான் வாசல் தெளிக்கிற நேரத்தில், நான் வெட்டி ஆள் என்று நினைத்த ஒன்று இணையத்தைப் பார்த்துத் தேதியைச் சரிசெய்து வைத்திருக்கிறது. எனக்கு முன்னால் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான்.

அவள் சைட்டில் விவரத்தை ஏற்றினாள். தேதியை மாற்றினாள். மஞ்சளை ஒற்றிவிட்டு முத்திரைத்தாளை ஏற்றினாள். நான் பக்கத்தில் நின்று, வெளியே வருகிற தாளை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினேன். எங்கள் நிலம் அவள் பிரிண்டரிலிருந்து வந்துகொண்டிருந்தது. வடக்கே வாய்க்கால், தெற்கே வண்டிப்பாதை. சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்கிற வரி வந்தபோது என் கண் கலங்கியது. எத்தனை பேருக்கு அந்த வரியை அடித்திருக்கிறேன். பீரோவில் ஒரு கட்டு வைத்திருப்பவளுக்கு இந்தப் பதினோரு தாளும் வேண்டுமா என்று நினைத்தேன். அவளிடம் அதைக் கேட்டுவிடுவேனோ என்று பயமாகவும் இருந்தது.

கடைசித் தாள் வந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். கணினித் தட்டச்சு என்பதற்கு நேரே என் பேர் இருந்தது.

அண்ணனும் பார்த்துவிட்டார். “ஏன் பாப்பா, உன் பேரு போடல?”

“பதினோரு பக்கமும் அக்கா அடிச்சதுண்ணே. நான் தேதி மட்டுந்தான்” என்றாள். அடுத்தவர் பத்திரத்தைத் திறந்து வேலையைத் தொடங்கிவிட்டாள்.

நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, கிழக்கு எல்லையில் ஒற்றெழுத்து சரியாக விழுந்திருக்கிறதா, உன் மிஷினில் எழுத்து மாறியிருக்கப்போகிறது என்பது. அவள் பொறுமையாக எடுத்துப் பார்த்து, சரியாத்தான் இருக்குக்கா என்றாள். பன்னிரண்டரைக்கு உள்ளே போய், ஒரு மணிக்குள் கையெழுத்து, ரேகை எல்லாம் முடிந்தது. ராகுகாலம் தொடங்கும்போது நாங்கள் பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தம்பி எனக்கு இன்னொரு இனிப்பு வைக்கச் சொன்னான். இறங்கவில்லை.

நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதுதான் இறங்கவிடாமல் நின்றது. அவள் வீட்டுப் பத்திரம் ஒன்று என் கைக்கு வந்து, பேரை மாற்று என்று அண்ணனும் சொல்லியிருந்தால், நான் மாற்றியிருப்பேன். சந்தேகமே இல்லை. சந்தோஷமாக மாற்றியிருப்பேன். வேகமான கம்ப்யூட்டர், பூ, பீரோவில் ஒரு கட்டுப் பத்திரம், இதற்கு மேல் நல்ல மனசும் அவளிடமே இருக்கிறது என்றால் எனக்கு என்ன மிச்சம்?

மறுநாள் ஒரு ரூபாய்க் காசு அளவில் இருந்த அந்தப் பேட்டரியைப் புதிதாக வாங்கிப் போட்டேன். நேரத்தைச் சரிசெய்து வைக்கிறதைத் திரும்ப ஓடவிட்டேன். அணைத்த மற்றது எதையும் திரும்பப் போடவில்லை. என் கம்ப்யூட்டர் இப்போதும் வேகம்தான். சில மாதம் போனதும் அவளுடையது கண்டதும் ஏறி மந்தமாகிவிட்டது. அக்கா, எனக்கும் செஞ்சு குடுங்க என்று அவளே வந்து கேட்டாள். ஒரு மதியம் உட்கார்ந்து செய்துகொடுத்தேன். எதை அணைக்கக் கூடாது என்பதையும் சொல்லிக்கொடுத்தேன். இப்போது அது மறுபடி என்னுடையதைவிட மயிரிழை முந்துகிறது. செய்துகொடுத்தவளே நான்தான், யாரிடம் போய்ச் சொல்வது?

ஊருக்கு யாராவது விருந்தாளி வந்தால் தம்பி பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்துவருவான். நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, இது எங்க அக்கா பேரு, இதை அடிச்சதே எங்க அக்காதான் என்று காட்டுவான். அம்மா அந்த வரியை விரலால் தடவுவாள். எல்லோரும் பார்த்த பிறகு என் கைக்கு வரும். நான் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. முதல் பக்கத்தைத் திருப்புவேன். பதினோரு பக்கத்தில் அவள் அடித்தது அந்தத் தேதி மட்டும்தான். என் கண் முதலில் அதில்தான் போய் நிற்கிறது.